இரண்டாவது தோட்டா

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் ரியாஸ் பாய் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முருகேசனிடமிருந்து போன் வந்தது.

"பாய், நம்ம கரும்புத் தோட்டத்துக்கு விருந்தாளி வந்திருக்காரு. தலையில இம்மாம் பெரிய கொம்பு."

"பன்னிக்கு ஏதுபா கொம்பு?"

"பன்னி இல்ல பாய். கடமான். ஒத்த ஆண். குதிரையாட்டம் நிக்குது."

ரியாஸ் பாய் செருப்பை மறந்துவிட்டார். ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் முருகேசனுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு உண்டு. அங்கே முயல் வரும், கீரி வரும், காட்டுப்பன்றி வந்து நோண்டிப் போட்டுவிட்டுப் போகும். கடமான் வந்ததாக அவருடைய அப்பா காலத்தில்கூட யாரும் சொன்னதில்லை. மேற்கே மலைப்பக்கமிருந்து காய்ந்த ஆற்றோடு நடந்து நடந்து வந்திருக்க வேண்டும். வந்த இடத்தில் கரும்பும் வாய்க்கால் தண்ணீரும் கிடைக்கவே அதுவும் தங்கிவிட்டது.

புத்தியுள்ளவன் வனத்துறைக்குப் போன் போடுவான். மானைச் சுட்டு மாட்டிக்கொண்டால் வருஷக்கணக்கில் கம்பி எண்ண வேண்டும் என்பது முருகேசனுக்கும் தெரியும், ரியாஸ் பாய்க்கும் தெரியும். ஆனால் ஐம்பதைத் தொடப்போகிற இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு, சின்ன வயதில் கிடைக்காத ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றால் புத்தி எங்கே வேலை செய்கிறது? "ஞாயித்துக்கிழம விடிகாலம்" என்றார் முருகேசன். "பசங்களையும் கூட்டினு வருவோம். நமக்குத்தான் வாய்க்கல, அவனுங்களுக்காவது மொத வேட்டையே பெரிய வேட்டையா இருக்கட்டும்."

ரியாஸ் பாய் சரி என்றார். யோசிக்காமல் சொன்ன சரி அது.

இந்த இரண்டு வீட்டுக்கும் இடையே இருந்தது வேட்டை உறவு. துப்பாக்கி முருகேசன் வீட்டுடையது. பயிர்க் காவலுக்கென்று அவருடைய அப்பா லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி எண்ணெய் போட்டு வைக்கிற பொருள். கத்தி ரியாஸ் பாய் வீட்டுடையது. சுட்டு விழுந்த உயிர் அடங்குவதற்குள் ஓடிப்போய் பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் ஹலால். உயிர் போய்விட்டால் பாய் வீட்டுக்கு அது கறியே இல்லை. அவர்கள் சாப்பிடாததை முருகேசன் வீட்டிலும் அடுப்பேற்ற மாட்டார்கள். யார் போட்ட வழக்கமோ, இரண்டு வீடும் அதை மீறியதில்லை. ஆகவே வேட்டைக்கு ஒரு கத்திக்காரன் வேண்டும், அவனுக்கு நல்ல கால் வேண்டும்.

துப்பாக்கிக்கு முன்னால் ஓடுகிறவன் அவன்தான். ரியாஸ் பாயின் அப்பா அப்துல் ரஹ்மான் ஒரு முயலுக்காக அப்படி ஓடியபோது, முயல் துள்ளியதைப் பார்த்த எவனோ அவசரத்தில் இரண்டாவது தோட்டாவைப் போட்டுச் சுட்டுவிட்டான். தொடையில் ஏறிய ரவைகளில் நான்கு அவரோடு கபர்க் குழிக்குப் போயின. அன்றிலிருந்து ஒரு சட்டம். துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் தோட்டா கத்திக்காரன் வீட்டு ஆளிடம் இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றுதான் தருவார்கள். சுட்டவன் உடனே துப்பாக்கியை மடித்துத் திறந்து, வெந்த தோட்டாவை எடுத்துத் தலைக்குமேல் காட்டி "காலி!" என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி ஓடும். கத்திக்காரன் வெளியே வந்து முகத்தைக் காட்டுகிறவரை அடுத்த தோட்டா கிடையாது. வானமே இடிந்து விழுந்தாலும் கிடையாது.

இருபது வருஷமாக ஓடியவர் ரியாஸ் பாய்தான். போன வருஷம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் ஜரிகையைக் கொடுத்துவிட்டு வரும்போது ஸ்கூட்டரோடு வேகத்தடையில் விழுந்தார். முழங்கால் போயிற்று. இப்போது மாடிப்படி ஏறுவதற்கே சுவர் வேண்டும். அதனால் இந்தத் தடவை அவர் மகன் ரெஹான் ஓட வேண்டும். பத்தொன்பது வயது, பி.காம். படிக்கிறான், பக்ரீத்துக்கு ஆடு அறுத்த கை. ஆனால் அறுக்கிற ஆட்டை நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள்.

சுடப்போகிறவன் முருகேசனின் மகன் குரு. இருபத்தோரு வயது, ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவன் இதுவரை சுட்டதெல்லாம் பனைமரத்தில் கட்டித் தொங்கவிட்ட பெயின்ட் டப்பா. டப்பா ஓடாது, திரும்பி முட்டவும் முட்டாது.

வீட்டில், பன்றி விரட்டப் போகிறோம் என்று சொல்லிவைத்தார் ரியாஸ் பாய். அவர் மனைவி ஷஹர்பானு பாலைக் காய்ச்சிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"பன்னிய வெரட்றதுக்குக் கத்திய எதுக்குத் தீட்டினு இருக்கே?"

அவர் கத்தியைத் துணியில் சுற்றினார். அவளும் கேள்வியை வளர்க்கவில்லை. "எம் புள்ளய எப்படிக் கூட்டினு போறியோ அப்படியே கூட்டினு வந்து வுட்டுடு. எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேணாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலைத் தொழுகையான பஜ்ரை முடித்துவிட்டு அப்பாவும் மகனும் கிளம்பினார்கள். ரெஹான் வண்டியை ஓட்ட, பின்னால் உட்கார்ந்துகொண்டு ரியாஸ் பாய் வழி முழுக்கப் பாடம் நடத்தினார். மான் விழுந்தாலும் நேராகப் போகாதே, முதுகுப் பக்கமாகப் போ. காலுக்கு எதிரே நிற்காதே, உதைத்தால் குடல் சரிந்துவிடும். கொம்பைப் பிடித்துத் தலையைக் கிப்லா பக்கம், மேற்கே, திருப்பு, அப்புறம் கத்தியை வை. கிட்டே போனபின் வாயில் வேறு பேச்சு வரக்கூடாது, யார் கூப்பிட்டாலும் சரி. பிஸ்மில்லா சொல்லி முடிக்கிறவரை உலகத்தில் வேறு யாரும் இல்லை.

"நீங்க கூப்ட்டாகூடவா?"

"நான் கூப்ட்டாகூடத்தான்."

"சரிப்பா, சரிப்பா" என்றான் ரெஹான். எட்டாவது தடவை சொல்கிறார் என்பது அவன் தோளிலேயே தெரிந்தது.

தோட்டத்தில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கரும்பு ஐந்து மாதப் பயிர், கழுத்தளவு உயரம். வடக்கே ஆற்றங்கரை, தெற்கே பம்ப்செட் கொட்டகை. கொட்டகைக்கும் கரும்புக்கும் நடுவே வேர்க்கடலை பிடுங்கிய வெற்று நிலம் ஒரு முப்பது அடி அகலத்துக்குக் கிடந்தது. முருகேசனும் தோட்டத்து ஆள் பாண்டியனும் ஆற்றுப் பக்கமிருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு வருவார்கள். மான் தெற்கே ஓடிவந்து வெற்று நிலத்தில் தலை நீட்டும். அங்கே குரு சுட வேண்டும். சுட்ட சத்தம் கேட்டதும் ஆற்றுப்பக்கத்து ஆட்கள் இருவரும் கரைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

போவதற்கு முன் முருகேசன் மகனைக் கூப்பிட்டார். "தோட்டா பாய் குடுப்பாரு. ஒண்ணுதான். சுட்டியா, தொறந்தியா, காலின்னியா, அதோட உன் வேல முடிஞ்சுது. ரெஹான் வெளிய வர்ற வரைக்கும் அது வெறும் இரும்புக் கம்பி. வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சுபா."

"மறந்தேன்னு சொன்னே, பல்லு இருக்காது."

ரியாஸ் பாய் சட்டைப் பையிலிருந்த மூன்று தோட்டாக்களில் ஒன்றை எடுத்துக் குருவின் உள்ளங்கையில் வைத்தார். ரெஹான் கொட்டகைச் சுவரோரம் குந்தி, கத்தியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அதைப் பார்த்ததும் ரியாஸ் பாய், எழுந்து வீட்டுக்குப் போகலாம் வாடா என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். சொன்னால் முருகேசன் காலத்துக்கும் கிண்டல் செய்வார். அதற்காகத்தான் சொல்லவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆற்றுப் பக்கம் தகரம் அதிர்ந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மைனாக்கள் கத்திக்கொண்டு பறந்தன. பிறகு கரும்பின் நடுவே ஒரு கோடு விழுந்தது, அந்தக் கோடு நேராக இவர்களை நோக்கி வந்தது. தகரத்துக்கு மேலே குளம்புச் சத்தம் கேட்டது. கரும்பு பிளந்து, கறுத்த பழுப்பில் ஓர் உடம்பு வெற்று நிலத்தில் வந்து நின்றது. கழுத்து மயிரில் பனி சொட்டியது. முருகேசன் குதிரை என்று சொன்னது பொய்யில்லை. அது ரியாஸ் பாயைப் பார்த்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபோது, இதைச் சுடவே கூடாது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றி முடிப்பதற்குள் குரு சுட்டுவிட்டான்.

மான் முன்னங்கால் மடங்கி விழுந்தது. விழுந்த வேகத்திலேயே எழுந்து, திரும்பி, வந்த வழியே கரும்புக்குள் பாய்ந்தது. நாற்பதடி உள்ளே பாரமான ஏதோ சாய்கிற சத்தம் கேட்டது.

"காலி!" குரு துப்பாக்கியை மடித்துத் திறந்திருந்தான். வெந்த தோட்டா தலைக்குமேல் புகைந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தான் பையன்.

ரெஹான் ஓடினான். இடது பக்கமாக இறங்கினான். கரும்புக்கு மேலே அவன் தலை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு ரத்தத் தடம் பார்க்கக் குனிந்தான் போலிருக்கிறது, தலை மறைந்தது.

ரியாஸ் பாய் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். அவர் ஓடிய காலத்தில் முப்பது எண்ணுவதற்குள் முடிந்துவிடும். முப்பது ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. கரும்பு அசையவே இல்லை.

"ரெஹான்!"

பதில் இல்லை.

"டேய் ரெஹான்! இருக்கியாடா?"

அப்போது வலது பக்கம், பையன் இறங்கிய இடத்துக்கு வெகு தூரம் தள்ளி, கரும்பு பேயாட்டம் ஆடியது. தோகைகள் சடசடவென்று முறிந்தன. ஓர் உறுமல் கேட்டது, இருமல் மாதிரி. அதற்கு மேல், கரும்பு நுனிகளுக்கு மேலே, கொம்பு எழுந்தது. ஒரு பக்கக் கொம்பு முழுசாகத் தெரிந்தது. எழுந்து, கீழே போய், மறுபடி எழுந்து, இடது பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது. மான் எழுந்து நின்று எதையோ குத்துகிறது. எதை என்று யோசிக்க என்ன இருக்கிறது? உள்ளே இருப்பது ஒரே ஒருவன்தான்.

ரியாஸ் பாய்க்கு அதற்கப்புறம் வரிசையாக எதுவும் நினைவில்லை. ஷஹர்பானு சொன்னது காதில் கேட்டது. சட்டைப் பைக்குள் போன கை தோட்டாவோடு வந்தது. குருவின் கையிலிருந்த திறந்த துப்பாக்கியில் அவரே அதைச் செருகினார், அவரே அதை மடக்கிச் சாத்தினார்.

"சுடு! கொம்பு தெரியுது பாரு, அதுக்குக் கீழ சுடு!"

குரு அவரைப் பார்த்தான். "மாமா, ரெஹான் உள்ள இருக்கான்."

"அவன் அந்தாண்ட இருக்கான்டா! இது மானு! குத்தினு இருக்குது, கண்ணு தெரியலையா? சுடுடா!"

"எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல மாமா. வெளிய வரட்டும்."

"என் புள்ள செத்துப்போவான்டா!"

கொம்பு இன்னொரு தடவை எழுந்தது. குரு துப்பாக்கியைத் தூக்கினான். தோளில் வைத்தான். குழல் கொம்புக்குக் கீழே போய் நின்றது. சுடு, சுடு, சுடு என்று ரியாஸ் பாயின் உதடு அசைந்தது.

குரு சுடவில்லை. துப்பாக்கியை இறக்கி, மடித்துத் திறந்து, தோட்டாவை உருவிக் கடலை நிலத்தில் வீசினான். ரியாஸ் பாய் அவன்மேல் பாய்ந்தார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. இன்னொரு தோட்டா அவரிடம் இருந்தது, துப்பாக்கிதான் வேண்டும். பையன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டான். அவர் அவன் முதுகில் குத்தினார். சட்டையைப் பிடித்து இழுத்ததில் காலர் கிழிந்தது. பையன் திருப்பித் தள்ளக்கூட இல்லை. "வேணாம் மாமா, வேணாம் மாமா" என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் கரும்புக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்!"

கொம்பு கீழே போயிற்று. கரும்பு அசைவது நின்றது.

ரியாஸ் பாய் குருவின் மேலிருந்து கையை எடுத்தார். குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் கண் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து அவன் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல.

ரெஹான் வலது பக்கமிருந்துதான் வந்தான். கரும்பை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டு, கொம்பு ஆடிய அதே இடத்திலிருந்து நேராக வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். கன்னத்தில் தோகை கிழித்த கோடு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"உயிர் இருந்துச்சுப்பா! கண்ணு முழிச்சினே இருந்துச்சு. தடம் சுத்தினு அந்தப் பக்கம் போச்சு, நானும் சுத்தினு போனேன். தல என்னா கனம்! கெழக்கப் பாத்து விழுந்து கெடந்துது. கொம்பப் புடிச்சித் தூக்கித் தூக்கி, நீங்க சொன்ன மாதிரியே கிப்லா பக்கம் திருப்பிட்டுதான் அறுத்தேன். நீங்க கூப்ட்டது கேட்டுச்சு. ஆனா வாயத் தொறக்கலையே!"

பாராட்டுக்காக அவன் நின்றான். ரியாஸ் பாய்க்கு மகனைத் தொட வேண்டும்போல் இருந்தது, கை எழவில்லை. யா அல்லாஹ் என்று மட்டும் உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது நன்றியா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னாடா குரு, ஏன் இப்படிக் கெடக்குற? சட்ட ஏன் கிழிஞ்சிருக்குது?"

குரு எழுந்து உட்கார்ந்து மண்ணைத் தட்டினான். "ஒண்ணுமில்ல மச்சான். கால் தடுக்கிடுச்சு."

முருகேசனும் பாண்டியனும் வாய்க்கால் வரப்போடு ஓடிவந்தார்கள். முருகேசன் வாயெல்லாம் பல். "அறுத்துட்டியாடா சிங்கக்குட்டி?" என்று ரெஹானின் தோளைக் குலுக்கியவர், தரையைப் பார்த்தார். கடலை நிலத்தில், காய்ந்த கொடிக்கு நடுவே, சுடாத தோட்டா ஒன்று பித்தளை மின்னக் கிடந்தது. அவர் சிரிப்பு நின்றது.

குனிந்து எடுத்தார். கையில் புரட்டிப் பார்த்தார். இந்தத் தோட்டா ஏன் வெளியே வந்தது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கத்தி உள்ள இருக்கச்சே ரெண்டாவது தோட்டாவ எடுத்தியா?" மகனிடம்தான் கேட்டார்.

குரு தலையைக் குனிந்துகொண்டான். ரியாஸ் பாய் இருந்த பக்கம் அவன் கண் போகவே இல்லை.

"கேக்குறேன் இல்ல? மொத வேட்டையிலயே கொல பண்ணப் பாத்தியாடா?"

அறை விழுந்தது. பம்ப்செட் கொட்டகையில் எதிரொலித்த மாதிரி இருந்தது. குரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. ரெஹான் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முருகேசன் மறுபடி கையை ஓங்கினார்.

சும்மா இருந்துவிடலாம். அதைத்தான் முதலில் நினைத்தார் ரியாஸ் பாய், அதை மறைத்துப் புண்ணியமில்லை. பையனே வாயை மூடிக்கொண்டிருக்கிறான். இரண்டு அறையோடு போய்விடும். மத்தியானம் கறி வேகும், ரெஹான் தன் வீரத்தைக் காலேஜில் சொல்லித் திரிவான், ஷஹர்பானுவுக்கு அவள் பிள்ளை போனபடியே திரும்பி வருவான். எல்லோரும் நன்றாக இருப்பார்கள், ஒரு குருவைத் தவிர.

"அவன அடிக்காதே முருகேசா."

"நீ சும்மா இரு பாய். உன் புள்ள உசுரு..."

"நான்தான் குடுத்தேன்."

முருகேசனின் கை அப்படியே நின்றது.

"நான்தான் துப்பாக்கில போட்டேன். நான்தான் சுடுன்னேன். அவன் மாட்டேன்னான். புடுங்கப் பாத்தேன், குடுக்கல. அடிச்சேன். அப்பவும் குடுக்கல." ரெஹானைப் பார்த்தார். "மானு எழுந்து இவனக் குத்துதுன்னு நெனச்சேன்பா."

முருகேசன் ஓங்கிய கையை இறக்கி மகனின் தலைமேல் வைத்தார். பாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பால் நகர்ந்தான். ரெஹானின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. கத்தியிலிருந்து ரத்தம் அவன் வெறும் பாதத்தில் சொட்டியது, அவன் கவனிக்கவில்லை.

"எங்கப்பா?" என்று கேட்டான். "எந்த எடத்தப் பாத்துச் சுடச் சொன்னீங்க?"

ரியாஸ் பாய் கையைத் தூக்கினார். வலது பக்கம், மகன் இப்போதுதான் நடந்து வந்த வழியில், கரும்பு இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தது. அந்த இடத்தைக் காட்டினார்.